பெயர் போடாத செய்தி

கண்டி நீதிமன்ற வாசலில் நான் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது நஸீர் ஹாஜியார் வந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். அக்குறணையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். காலாவதியான பால்மா விற்ற குற்றத்தை ஒப்புக்கொண்டு, சற்று முன்புதான் தண்டப்பணம் கட்டியிருந்தார். அந்த வழக்குத்தான் எனக்கு அன்றைய செய்தி.

"அண்ணன், பேர மட்டும் போட வாணாம். வார கெழம மகள்ட கல்யாணம். மாப்புள ஊட்டுல எல்லாரும் பேப்பர் பாக்கிற ஆக்கள்."

பத்திரிகை ஆசிரியரைத் தொலைபேசியில் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். "பேர் போடச் சட்டம் விடுது. போடத்தான் வேணும் எண்டு சொல்லேல்ல. மிச்சம் உம்மட மனச்சாட்சி."

தண்டனையை நீதிமன்றம் கொடுத்தாயிற்று. கல்யாணத்தைக் கெடுப்பது என் வேலையல்ல என்று தோன்றியது. 'அக்குறணைக் கடைக்காரருக்குத் தண்டம்' என்று எழுதி அனுப்பினேன். பெயரை விட்டுவிடுவதாக ஹாஜியாருக்கு வாக்கும் கொடுத்தேன்.

மறுநாள் காலை அக்குறணையிலிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. நேரிலேயே போனேன். ஹாஜியாரின் எதிர்க்கடைக்காரர் ரபீக் ஒரு பால்மா பெட்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வார பொம்புளயெல்லாம் கண்ணாடியப் போட்டுக்கொண்டு திகதி பாக்குறாங்க. நேத்து வந்த சாமான், அண்ணன்! ஒராளக் காப்பாத்தப் போய் ரோட்டையே கள்ளனாக்கிட்டீங்களே."

"யாருன்னு சொல்ல முடியாதுங்க. வாக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப எங்களுக்கு வாக்குத் தார யாரு?"

தெருவுக்கு அந்தப் பக்கம் ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளே போனார். ஒரு காட்போட் மட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வந்து கடை முகப்பில் தொங்கவிட்டார்: 'பேப்பரில் வந்த கடை இதுதான். பழைய பால்மா எல்லாம் எடுத்தாச்சு.'

ரபீக்தான் முதலில் பதறினார். "ஹாஜியார், கல்யாணம்?"

"மாப்புளட வாப்பா கேட்டா இந்த மட்டையத்தான் காட்டுவேன்."

மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்கவில்லை. நேரில் வந்து மட்டையை வாசித்தார். கல்யாணத் தேநீருக்கான பால்மாவை அங்கேயே வாங்கினார், திகதி பார்த்துத்தான்.

சட்டத்தால் ஹாஜியாரிடம் தண்டம் வாங்க முடிந்தது. அந்த மட்டையை எழுத வைக்க முடியாது. நான் இரக்கம் என்று நினைத்ததற்கான தண்டத்தையோ ரபீக் தன் வியாபாரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் ஒரு பெயரை விடுமுன், அந்த வெற்றிடத்தில் வேறு யார் முகம் போய் ஒட்டும் என்று பார்த்துக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. தேநீர்த் தட்டோடு வந்தவர் ரபீக்.

"பயமில்லாமக் குடிங்க, அண்ணன். திகதி பாத்தாச்சு."