ஹேமலதா சேர்த்து வைத்த காந்தங்கள்

மாதனூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களில் ஹேமலதாவைத் தெரியாதவர்கள் குறைவு. இருபத்தாறு வருஷம் ஒரே கம்பெனி. முதலில் தையல் மெஷின், அப்புறம் செக்கிங். அவள் செக்கிங் மேஜையில் வந்து உட்கார்ந்தால் லைனில் இருக்கும் பெண்கள் பயந்துபோய்த் தங்கள் தையலை இன்னொரு தரம் எடுத்துப் பார்ப்பார்கள். இடதையும் வலதையும் எதிரெதிரே வைத்து விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பார்ப்பாள். நடுவில் நூல் நுழைகிற இடைவெளி தெரிந்தாலும் ஜோடி திரும்பிப் போகும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தையல் கோணினால் எடுத்த எடுப்பில் பெண்ணைத் திட்ட மாட்டாள். மெஷினைத்தான் முதலில் பார்ப்பாள். கையில்தான் குறை என்று சொல்வது கடைசியில்தான், அதுவும் தயங்கித் தயங்கி. அதனால்தான் அப்படிப் பயந்த பெண்களே அவள் மகள் கல்யாணத்துக்கு ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள்.

கணவர் சுந்தரமூர்த்தி வேறு ரகம். பால் சங்கத்தில் கணக்கு எழுதிய மனுஷன், உயிரெல்லாம் ஸ்டீல் கிட்டார். மடியில் கிடத்திக்கொண்டு, இடது கையில் ஓர் உருக்குத் துண்டைப் பிடித்துத் தந்திகள்மேல் வழுக்கிக்கொண்டே போய், வலது கை விரல்களால் மீட்டுகிற வாத்தியம் அது. ஜோலார்பேட்டையில் இருந்த ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டு ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது கொடுத்துவிட்டுப் போனது. சுந்தரமூர்த்தியைவிட அதற்கு வயது அதிகம். ஆம்பூர் மெல்லிசைக் குழுவில் முப்பது வருஷமாக அதை வாசிக்கிறார். தூசி தட்டக்கூட இன்னொருவரைத் தொட விட மாட்டார்.

வேலையை விட்டபின் ஹேமலதா வீட்டுக் கூடத்திலேயே இரண்டு தையல் மெஷின் போட்டு, கம்பெனிக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறாள். கம்பெனியின் சட்டதிட்டமும் கூடவே கூடத்துக்கு வந்துவிட்டது. அதில் பெரிய சட்டம் ஊசி. ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடியெடுத்து, முழு ஊசியாகச் சேர்த்துத் தாளில் டேப் போட்டு ஒட்டி, தேதியெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லாட் மொத்தமும் நின்றுபோகும். எங்கேயோ ஒரு குழந்தையின் காலில் அது குத்திவிடக் கூடாதே என்கிற பயம்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தைகள் ஷூ தைக்கும்போது ஊசி உடைந்தது. முனையைக் காணவில்லை. எண்பது ஜோடிக்குள் எதில் ஒளிந்திருக்கிறதோ தெரியாது. நாலு மணிக்கு வேன் வந்துவிடும். அவளிடமிருந்த மிட்டாய் அளவு காந்தம் எப்போதோ சொரணை கெட்டுப்போயிருந்தது. சுந்தரமூர்த்தி கண் பரிசோதனைக்கு வேலூர் போயிருந்தார். அப்போதுதான் அவள் பார்வை கிட்டார்மேல் விழுந்தது.

அந்தக் கிட்டாரில் குதிரை லாடம் மாதிரி இரண்டு காந்தங்கள் உண்டு. இடது பக்கமிருந்து ஒன்றும் வலது பக்கமிருந்து ஒன்றுமாகத் தந்திகளை வளைத்துக்கொண்டு நிற்கும். தந்திகளுக்கு அடியில், அந்த வளையத்துக்குள், மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய காயில். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பிக்கப். தந்தியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது. ஹேமலதா திருகாணிகளைக் கழற்றிக் காந்தங்கள் இரண்டையும் பக்கவாட்டில் உருவினாள். பத்தே நிமிஷத்தில் ஊசிமுனை ஒரு ஷூவின் நாக்குக்கு அடியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாட்டும்போதுதான் தகராறு. இருந்தபடியே வைத்தால் காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளின. முனைக்கும் முனைக்கும் நடுவே நூலளவு இடைவெளி. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தாள். டக்கென்று வந்து ஒட்டியது, விளிம்போடு விளிம்பு, இம்மி பிசகாமல். இத்தனை வருஷம் இப்படியா கோணலாக மாட்டி வைத்திருந்தார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டு திருகாணிகளை முறுக்கித் துடைத்து வைத்தாள். சொன்னால் பேஜார் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. நாலு நாளில் மறந்தே போனாள்.

அந்த வாரமே கிட்டாரின் குரல் உள்ளே போய்விட்டது. சத்தம் வந்தது, ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி. சுந்தரமூர்த்தி ஒயரை மாற்றினார், தந்தி மாற்றினார், குழுவின் ஒலிபெருக்கியிலும் போட்டுப் பார்த்தார். அந்த ஒலிபெருக்கி மற்றவர்களுக்கெல்லாம் நன்றாகத்தான் பாடியது. அதற்கு மேல் அவர் கிட்டாரைச் சந்தேகப்படவில்லை. சர்க்கரை வியாதியில் விரல் மரத்துப்போகலாம் என்று டாக்டர் போன வருஷம் சொல்லியிருந்தார். அதுதான் வந்துவிட்டது என்று முடிவு கட்டினார். குழுவுக்கு இனி வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். ஆள் பாதியாய்ப் போனார், பாவம். சாப்பிடும்போதுகூட வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார். இரண்டு மாதம் கழித்து, பெங்களூரிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து கிட்டாரை வாங்கிக்கொண்டு போகப்போகிறார் என்றார்.

ஹேமலதாவுக்குப் பொறுக்கவில்லை. ஆளைச் சொல்லுமுன் மெஷினைப் பார்க்க வேண்டாமா? விற்கிற பொருளை ஒரு தரம் காட்டிவிடலாம் என்று சாக்குச் சொல்லி, போர்வையில் சுற்றி, ஆம்பூர் பஸ் ஏறினாள். கம்பெனி மோட்டார்களுக்கெல்லாம் புதிதாகக் காயில் சுற்றிக் கொடுக்கிற ஜான் பாஷா கடைக்குப் போனாள். தோல் பதனிடும் டிரம்களைச் சுற்றவைக்கிற மோட்டார்கள் நடுவே அந்தக் கிட்டாரை வைத்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்த ஜாதி வாத்தியத்தை அவர் தொட்டதே இல்லை; காயில் என்றால் காயில்தானே என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தார். காயில் அறுபடவில்லை, சுற்றும் கெடவில்லை. பிறகு ஸ்க்ரூடிரைவர் முனையைக் காயிலின் தலைக்கு மேலே கொண்டுபோனார். அது சும்மா தொங்கியது.

"இவ்ளோ பெரிய காந்தம் ரெண்டு இருக்குது, இரும்ப இழுக்க மாட்டேங்குதே. ஸ்க்ரூ தலையில புதுக் கீறலு. யாரும்மா இத்த கழட்டினது?"

அப்போதுதான் ஹேமலதாவுக்கு மாசியில் கழற்றி மாட்டியது ஞாபகம் வந்தது. அப்புறம் ஊசி உடைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஜோடி இடைவெளி இல்லாமல் சேர்ந்ததையும் சொன்னாள்.

"அங்கதாம்மா தப்பு. ரெண்டும் ஒன்னா ஒட்டிக்கிச்சின்னா அதுங்க சக்தி அதுங்களுக்குள்ளயே சுத்திக்கினு இருக்கும், காயிலுக்கு வராது. இது ரெண்டும் தள்ளிக்கினுதான் இருக்கணும்."

ஒன்றைத் திருப்பினார். இரண்டும் முறைத்துக்கொண்டு விலகின. அவள் ஒரு பக்கம் அழுத்திப் பிடிக்க, அவர் மறுபக்கம் அழுத்தித் திருகாணியை முறுக்கினார். ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோனதும் வெடுக்கென்று இழுத்தது. கடை ரேடியோவின் ஒலிபெருக்கியில் ஒயரைச் செருகி ஒரு தந்தியைத் தட்டினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். பழசாச்சு, ஏதோ லூசாகி இருந்தது, பாய் சரி பண்ணிட்டார் என்று சொன்னால் தீர்ந்தது. தன் தப்பு வெளியே வரவேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாள்.

சுந்தரமூர்த்தி மனசில்லாமல் கிட்டாரை மடியில் வைத்து ஒருமுறை மீட்டினார். கூடம் நிறைந்தது. அவர் முகம் மலரவில்லை. உருக்குத் துண்டைக் கீழே வைத்தார்.

"உள்ள சத்தம் கூட்ட பூஸ்டர் இன்னாவோ வெச்சிக் குடுத்துகிறான். என் கைக்காக. எனக்குத் தெரியாதா ஹேமா? நான் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு நீதான் சொல்லியிருப்ப. ஞாயித்துக்கெழம அவரு வரட்டும்."

கிட்டாரைப் போர்வையில் சுற்றப் போனார். ஹேமலதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூஸ்டரெல்லாம் ஒன்னும் இல்லீங்க. மாசியில ஊசி தேட நான்தான் காந்தத்தைக் கழட்டினேன். மாட்டும்போது ஒன்னைத் தலைகீழா மாட்டிட்டேன். கெடுத்தது நான்தான்."

வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்து காத்திருந்தாள். இரண்டு மாதம் மனுஷனை உயிரோடு வாட்டியதற்கு எது சொன்னாலும் தகும். மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். அவர் தன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவை இப்போதுதான் முளைத்த மாதிரி.

"நெஜமா நீதானா?"

"நான்தாங்க."

"இன்னொரு தபா சொல்லு."

கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் தன் தப்பு ஒன்று அவரை இவ்வளவு சந்தோஷப்படுத்தி அவள் பார்த்ததில்லை. அவர் கேட்கக் கேட்க, நான்தான், நான்தான் என்று அழுதுகொண்டே சொன்னாள்.