அப்பா அடிக்கிற மணி

அம்மா போயி இன்னும் வருசம் திரும்பல. அதுக்குள்ள அப்பா குடிய விட்டுட்டாருன்னு தோட்டத்து லயத்துல வரிசையா இருக்கிற அத்தன வீடும் பேசுச்சு. எல்லாரும் எங்கிட்ட வந்து சந்தோசமா சொன்னாங்க. எனக்கு வயிறுதான் எரிஞ்சிச்சு. அம்மா உசுரோட இருந்தப்ப விடாத மனுசன். அவங்க நெஞ்சுச் சளியில மூச்சு முட்டிக் கெடந்த அன்னிக்கு நானே சாராயத் தவறணை வாசல்ல நின்னு கூப்பிட்டேன். வாறேன் போன்னாரு. வரல. அப்பேர்ப்பட்டவரு இப்ப யாருக்காக விடுறாரு? இதுல என்னமோ இருக்குன்னு நெனச்சேன்.

நாங்க வேதக்காரங்க. எங்க தோட்டம் அப்புத்தளைக்குக் கீழ. லயத்துக்கு மேல தேயில மலையில தகரம் போட்ட சின்ன மாதா கோயிலு. அதுக்குப் பின்னாடி ஒத்த அறைக் காம்பராவுல உபதேசியார் இருந்தாரு. சாமியார் மாசத்துக்கு ஒருக்கா பதுளையில இருந்து வந்து பூச வச்சிட்டுப் போயிருவாரு. மத்த நாளுல செபம் சொல்றது, புள்ளைங்களுக்கு மந்திரம் சொல்லிக் குடுக்குறது எல்லாம் உபதேசியாருதான்.

அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூச வைக்க வந்த சாமியாரு, அப்பாவத் தனியாக் கூட்டிட்டுப் போயி ரொம்ப நேரம் பேசுனாரு. என்ன சொன்னாருன்னு வீட்ல வந்து நோண்டிக் கேட்டேன். ஆயுசுக்கும் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ண வேணாம்னு சொன்னாராம். அப்பா பண்ணி ஒடச்ச சத்தியத்துக்குக் கணக்கே இல்ல, அது சாமியாருக்கும் தெரிஞ்சிருக்கு. தெனம் சாயந்தரம் நீயே கோயில் மணிய அடி, அடிச்சிட்டு முட்டி போட்டு, அடுத்த நாளு மணி வரைக்கும் தாங்குற தெம்பு மட்டும் கேளு, விழுந்துட்டா மறைக்காம வந்து சொல்லு. அம்புட்டுதானாம்.

சாயந்தர மணி அடிக்கிற நேரமும், பெரகல ரோட்டுத் தவறணையில கூட்டம் சேர்ற நேரமும் ஒண்ணு. அதுக்குத்தான் அந்த வேலையக் குடுத்தாருன்னு எனக்கு வெளங்குச்சு. ஆனா உபதேசியார் மேல நம்பிக்க வரல. கோயிலுக்குச் சும்மா வேல பாக்க ஆளு புடிக்கிறாருன்னு நெனச்சேன். அப்புறம், பூசைக்கு வச்சிருக்கிற திராட்ச ரசத்த ரெண்டு பேரும் ஊத்திக்கிறாங்களோன்னும் நெனச்சேன். ஒரு நாளு யாரும் இல்லாதப்ப போயி ரசம் வச்சிருக்கிற அலமாரியத் தொறக்கப் பாத்தேன். பூட்டியிருந்துச்சு. பூட்டியிருந்ததப் பாத்ததும் சந்தேகம் இன்னும் கூடிப்போச்சு.

சாயந்தரம் ஆனா லயமே காது குடுத்துட்டு இருக்கும். மணி கேட்டா, இன்னிக்கு நல்லாத்தான் இருக்காரும்பாங்க. பக்கத்துக் காம்பரா மாமா இஸ்தோப்புத் திண்ணையில உக்காந்துக்கிட்டு, "பாரு, மாதாவுக்கே மணியக்காரர் ஆயிட்டான் உங்கப்பன்"னு கிண்டல் பண்ணுவாரு. மணி மூணு மூணு தட்டா விழும். தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்டுறப்ப சறுக்கி விழுந்ததுல அப்பாவுக்கு வலது தோள் எறங்கிப்போச்சு. அதனால மூணாவது தட்டு எப்பவும் சோந்துதான் விழும்.

ஒரு நாளு அடுப்புல வெறகு வச்சிட்டு இருக்கேன், மணி கேக்குது. மூணு தட்டும் ஒரே மாதிரி, கணீர்னு. அப்பா அடிச்சா இப்படி விழாது. வெறக அப்படியே போட்டுட்டு மேல ஏறுனேன். கயிறப் புடிச்சிட்டு நிக்கிறது உபதேசியாரு. அப்பாவக் காணோம்.

எங்கன்னு கேட்டேன். வயித்து வலின்னு சொல்லிவிட்டாருன்னாரு. பொய் சொல்லத் தெரியாத மொகம். எத்தன நாளா இப்படின்னு கேட்டேன். கயிறச் சுத்திக்கிட்டே நின்னாரு. இன்னிக்கு மட்டும் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. நேத்து நான் தேயிலக் கொழுந்து நிறுக்கிற எடத்துல சத்தத்துல நின்னிருந்தேன், சரியாக் கேக்கல. ராத்திரி அப்பா வந்து படுத்ததையும் பாக்கல.

"லயத்துல சிரிச்சாங்கன்னா உங்கப்பா இந்தப் பக்கமே வரமாட்டாரு தங்கச்சி. அதான் நான் அடிச்சேன்"னாரு.

"அப்ப ஊர விட மொதல்ல நீங்க எனக்குத்தான் பொய் மணி அடிச்சிருக்கீங்க. நாளைக்கு அவரு வரலன்னா அடிக்காதீங்க. சாமியாரு கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

மணி உங்கப்பாவுக்கு மட்டும் இல்ல, செபம் பண்றவங்க எல்லாருக்கும்தான்னு மெதுவாச் சொன்னாரு. நான் எறங்கி வந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி அப்பா மொகத்த நான் பாக்கல, அவரும் என்னக் கூப்பிடல.

மறுநாளு மணி விழல. பனி எறங்கிருச்சு, லயம் முழுக்க அடுப்புப் பொக. மாமா தலைய நீட்டி, "என்னா புள்ள, மாதாவே உங்கப்பனுக்கு லீவு குடுத்துருச்சா?"ன்னாரு. ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. நான் கேட்டதுதான் நடந்துச்சு. ஆனா அந்தச் சிரிப்பக் கேக்க முடியல. அம்மாவும் போயி, இவரும் இனி இப்படித்தான்னு ஆயிருச்சுன்னு கதவச் சாத்திட்டு உக்காந்தேன்.

நல்லா இருட்டுனதுக்கப்புறம் மணி கேட்டுச்சு. நேரங்கெட்ட நேரத்துல மணி அடிச்சா எங்க பக்கம் சாவுன்னு அர்த்தம். லயத்துல எல்லாரும் லாம்ப எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டாங்க. யாருக்கு, யாருக்குன்னு ஒருத்தர ஒருத்தரு கேக்குறாங்க. மூணாவது தட்டு சோந்து விழுந்தது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. ஓடுனேன். எனக்குப் பின்னாடி பாதி லயம்.

அப்பா கயிறப் புடிச்சிட்டே முட்டி போட்டுக் கெடந்தாரு. சாராய வாட வாசல் வரைக்கும் அடிச்சிச்சு. உபதேசியாரு பக்கத்துலயே நின்னாரு, தூக்கல. செத்தது யாருன்னு பாக்க வந்தா இந்த ஆளா வெறியில கெடக்குறான்னு யாரோ சொன்னாங்க. அப்பா காதுல அது விழுந்துச்சோ என்னமோ, எங்கள எல்லாம் பாத்துதான் பேசுனாரு.

"குடிச்சிட்டேன். முந்தா நாளும் நேத்தும் தவறணையில உக்காந்துதான் இந்த மணியக் கேட்டேன். நாம இல்லாட்டியும் அது பாட்டுக்கு நடக்குதேன்னு இருந்துட்டேன். இன்னிக்குக் கேக்கவே இல்ல. உக்கார முடியல, எந்திரிச்சு வந்துட்டேன்."

எனக்கு எரக்கம் வரல. அத்தன பேருக்கு முன்னாடி கேட்டேன், "அம்மா கெடந்த அன்னிக்கு நான் வந்து கூப்பிட்டது கேக்கலயா?"

"கேட்டுச்சு"ன்னாரு.

மாமாதான் அவரு கையக் கயித்துல இருந்து பிரிச்சு எடுத்தாரு.

அந்த மாசம் சாமியாரு வந்தப்ப அப்பாதான் மொதல்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாரு. என்ன சொன்னாரோ, அது அவங்களுக்குள்ள. வெளிய வந்ததும் சாமியாரு பழையபடி மணிய அடிக்கச் சொல்லிட்டாரு, அடுத்த மணி வரைக்கும் தெம்பு கேட்டாப் போதும்னு. உபதேசியாரு இனிமே யாருக்குப் பதிலும் அடிக்கிறதில்லன்னு எங்கிட்ட வந்து சொன்னாரு.

நான் இன்னும் நம்பல. கொழுந்து நிறுத்துட்டு நேரா மேல ஏறி, கயிறப் புடிக்கிறது யாரு கைன்னு பாத்துட்டுத்தான் வந்து அடுப்புப் பத்த வப்பேன். அவரும் கயிறப் புடிச்சிக்கிட்டு வாசலப் பாத்துட்டே நிக்கிறாரு. நான் வந்தப்புறம்தான் இழுக்குறாரு.