கொளுத்தக் கூடாத பத்தி

லைட்டர்

கொளுத்திக் காட்ட முடியாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த வாடிக்கையாளர் காற்சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்துவிட்டார். பாய்ந்து பத்தியைப் பறித்தேன். ஊதுபத்தி விற்கிற இடத்தில் ஊதுபத்தி கொளுத்துகிறவர்களைத் தடுப்பதுதான் இந்தக் கிறிஸ்மஸ் சந்தை, எங்கள் பேச்சில் நத்தார்ச் சந்தை, முடியும்வரை என் தொழில்.

போன வருஷம், இமயமலைச் சாமான் விற்கிற எங்கள் மரக்குடிலுக்குப் பக்கத்தில் சொசேஜ் வாட்டுகிறவர், எங்கள் புகை தன் பக்கம் வருகிறது என்று சந்தை அலுவலகத்தில் முறைப்பாடு செய்தார். தன் சொசேஜ் தேவாலயம் போல மணப்பதாக ஆட்கள் சொல்கிறார்களாம். அவருடைய அடுப்புப் புகையில் எங்கள் கம்பளிச் சால்வைகள் பன்றி வாசம் வீசுவது கணக்கில் இல்லை, அது பாரம்பரியம். இனி ஒரு முறை முறைப்பாடு வந்தால் இடம் கிடையாது என்று அலுவலகம் சொல்லிவிட்டது. வருஷம் முழுவதும் கடை உயிரோடு இருப்பது இந்தச் சந்தையால்தான். இடம் போனால் தையிலிருந்து என்னை வைத்திருக்க முடியாது என்று முதலாளி பெமா அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இதையெல்லாம் லைட்டர்க்காரருக்கு விளக்கினேன். சந்தையில் நின்று எதையாவது விற்றவர்களுக்குத் தெரியும், குளிரில் விளக்கம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அப்படியென்றால் இது எரியுமா என்று எனக்கு எப்படித் தெரியும்?"

வேலை செய்யாத மாலை

பச்சை நீலக் கல்லும் பவளமும் கோத்த மாலை ஒன்றை வாங்கிப் போன பெண்மணி, பெட்டியும் ரசீதுமாகத் திரும்பி வந்தார். கல் ஒன்றும் உதிரவில்லை. கொக்கி நன்றாக இருந்தது. என்ன பழுது என்று கேட்டேன். அமைதி வரவில்லை என்றார்.

அமைதி வரும் என்று நான் சொல்லவில்லை. வெள்ளி கறுத்தால் எப்படித் துடைப்பது என்றுதான் சொன்னேன். ஆனால் இந்தக் கடையில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்து வாடிக்கையாளர்களே மிச்சத்தைக் கேட்டுக்கொள்வார்கள். பருத்தித்துறையில் பிறந்த எனக்கும் இமயமலைக்கும் உள்ள ஒரே சொந்தம் பெமா அண்ணை தருகிற சம்பளம். அதைச் சொன்னாலும் அடக்கம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைவிடப் பலமான கல் இருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சநாள் போட்டுப் பார்க்கலாமே என்றேன். அவர் மாலையை என் கையில் வைத்து அழுத்தினார். "போட்டுத்தான் பார்த்தேன். என் கணவர் அமைதியாகிவிட்டார். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை."

கொஞ்சம் கீழே

வெண்கலக் கிண்ணங்களைக் கட்டையால் தட்டினால் நாதம் எழும், எல்லோரும் கண்ணை மூடுவார்கள். ஒருவர் மட்டும் கைபேசியை எடுத்துக் கிண்ணத்தின் வாய்க்கருகே பிடித்தார். கடையில் இருந்த அத்தனை கிண்ணங்களையும் தட்டச் சொன்னார். தட்டினேன். திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மலையில் ஒருவர் கையால் அடித்துச் செய்தது, அளவெடுத்து வார்த்ததில்லை என்றேன். மிகுந்த அனுதாபத்துடன் என்னைப் பார்த்தார். "ஒவ்வொன்றும் சுரத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அதற்கு ஏதாவது விலைக் கழிவு உண்டா?"

டூப்ளிகேட்

பெமா அண்ணை கர்நாடகத்தில் திபெத்தியர் குடியிருப்பில் பிறந்தவர். இளவயதில் பனிக்காலம் தோறும் கோயம்புத்தூர் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றவர். அதனால் எங்களுக்குள் பேச்சு தமிழில்தான். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணை என்பேன். யார் மூத்தவர் என்ற கேள்வியை இருவருமே எடுப்பதில்லை.

டார்ம்ஸ்டாட்டில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்நாட்டுப் பொறியாளர் மனைவியோடு வந்தார். ஒரு வெள்ளி வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊட்டி மார்க்கெட்டில் இது பாதி விலைதான் என்று மனைவியிடம் தமிழில் சொன்னார். பின்னால் சால்வை மடித்துக்கொண்டிருந்த அண்ணை நிமிராமலே கேட்டார்: "ஊட்டி விலைக்கு இங்க குடுத்தா வண்டி வாடகை யார் சார் குடுக்கிறது?"

பொறியாளர் திடுக்கிட்டார். பிறகு பேச்சு நன்றாகத்தான் போனது. கோயம்புத்தூரில் எந்தத் தெரு, எந்த பேக்கரி, டீ எப்படி இருக்கும் என்றெல்லாம் அண்ணை சொன்னார். வளையலைக் காகிதத்தில் சுற்றலாம் என்று நான் கை நீட்டும்போது பொறியாளர் அதை மெல்லப் பலகையில் வைத்துவிட்டு நடந்தார். கொஞ்சத் தூரம் போனதும் மனைவியிடம் சொன்னது காற்றில் வந்தது: "ஆளே டூப்ளிகேட்டா இருக்காரு, வளையல் மட்டும் எப்படி ஒரிஜினலா இருக்கும்?"

கையுறை

சந்தையின் கடைசி வாரம். மழையும் பனியும் கலந்து கொட்டியது, சனமில்லை. எனக்கு மூக்கில் ஏதோ ஏறியது. குனிந்து பார்த்தால் பலகைக்குக் கீழே, சாம்பல் நிரப்பிய தகரப் பெட்டியில், பத்தி ஒன்று படுத்து எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பெமா அண்ணை குந்தியிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் சந்தை அலுவலகப் பெண்மணி வந்துகொண்டிருந்தார். சொசேஜ்காரர் இடுக்கியால் எங்கள் கடையைச் சுட்டிக் காட்டினார்.

நானும் குந்தினேன்.

"அண்ணை, அணையுங்கோ. அவா வாறா."

"பாதியில அணைக்கக் கூடாது அக்கா. வேண்டிக்கிட்டு வச்சது."

"என்னத்தை வேண்டினனீங்கள்?"

"இந்த இடம் போகக் கூடாதுன்னு. உங்க வேலை போகக் கூடாதுன்னு."

"புகையாலதானே அண்ணை இடம் போகப்போகுது."

"அது எனக்கும் தெரியும் அக்கா. வேற எதைக் கொளுத்தி வேண்டுறது?"

குரலை உயர்த்த முடியாது. தலையை நிமிர்த்தவும் பயம். அதனால் இருவரும் குனிந்தபடி, ஒரே சுருதியில், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து, பத்தியைப் பார்த்தே சண்டை பிடித்தோம். நான் அவரை விசரன், பைத்தியம் என்றும் சொன்னேன். அதையும் அதே சுருதியில்தான் சொன்னேன்.

சப்பாத்துக் கால்கள் இரண்டு எங்கள் முன்னால் வந்து நின்றன. மெல்ல எழுந்து பார்த்தேன். அந்தப் பெண்மணி கையுறைகளைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கைகளைக் கோத்து, கண்களைத் தாழ்த்தி நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். முறைப்பாடு விற்பனைப் புகையைப் பற்றியது, வழிபாட்டைப் பற்றியது அல்ல. அடுத்த வருஷமும் இதே இடத்தில் சந்திப்போம்."

சொசேஜ்காரரிடம் போய் அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சொசேஜ்காரர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

இத்தனை வருஷமாக இந்த நாட்டில் தமிழ் பேசுகிறேன். அதைக் கேட்டு ஒருவர் கையுறை கழற்றியது அன்றைக்குத்தான், அதுவும் அண்ணையை நான் ஏசியதற்கு.

அண்ணை எழுந்து, வந்து நின்ற யாருக்கோ மணி ஒன்றை ஆட்டிக் காட்டினார். காற்று மாறி அடித்தது. நான் காலால் வளையல் பெட்டியைத் தள்ளி, பத்தி அணையாதபடி மறைப்பாக நிறுத்தினேன்.