முழங்கால் தண்ணீரில் ஒரு நேரலை

இன்று காலை காவிரியில் வெள்ளம் பார்க்க எங்கள் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறைக்குப் போயிருந்தேன். டிவி நிருபர் ஒருவர் இரண்டு படி இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "ஸ்ரீரங்கமே மிதக்கிறது" என்று நேரலையில் பேசிக்கொண்டிருந்தார்.

கேமராவுக்குப் பின்னால், காய்ந்த படியில், நாங்கள் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தோம்.

வீடு திரும்புவதற்குள் புனேயிலிருந்து மகளின் ஃபோன். ஒரு மாதத்துக்குப் பிறகு பேசுகிறாள்.

"அப்பா, நியூஸ்ல பார்த்தேன். வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சா? தனியா என்ன பண்றீங்க?"

"இல்லம்மா, நம்ம தெரு காஞ்சு கிடக்கு. அந்த ஆளுதான் படியில இறங்கி நின்னு பேசறார்."

"அப்பாடா! சரிப்பா, மீட்டிங் இருக்கு, வச்சிடறேன்."

வாசல்வரை தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருப்பாள்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?