என் தலைக்கு வாங்கிய மாத்திரை

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆனி மாதத்தில் ஒரு காலை. மதகடிப்பட்டிலிருந்து கம்பெனி வேனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எனக்குப் பல வருடமாக ஒற்றைத் தலைவலி. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை எப்போதும் கைப்பையில் இருக்கும். வேனில் யாருக்குத் தலை வலித்தாலும் என்னிடம்தான் கை நீட்டுவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை. இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அன்று பக்கத்து சீட்டு அக்கா, "மண்ட இன்னா வலி வலிக்குது தெரியுமா, ஒண்ணு குடுடி" என்றார். பிய்த்துக் கொடுத்தேன். வேலை தொடங்கி அரை மணி நேரம்கூட இருக்காது, பேக்கிங் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை. "நெஞ்ச அமுக்கிக்கினு இருக்குதுடி" என்றார்.

சூப்பர்வைசரிடம் ஓடினேன். "கேஸா இருக்கும், சோடா குடிக்கச் சொல்லு. லைனை நிறுத்த முடியாது" என்றார். வந்த ஆத்திரத்தில், "உன் வூட்டு ஆளா இருந்தா சோடா குடுப்பியா?" என்று கத்திவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்ற ஆட்டோவில் அக்காவை ஏற்றினேன். அதில் போகும்போதுதான் சொன்னார், இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகிறதாம். தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். "மூளையைச் சுத்தி இருக்கிற நரம்பை இது அடக்கும், வீங்கின ரத்தக்குழாயைச் சுருக்கும். தலையோட நின்னுடுமா? இதயத்துக்குப் போற குழாயும் சுருங்கும். ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு இதைக் குடுக்கலாமா?" என்று பிடி பிடியென்று பிடித்துவிட்டார். எனக்கு இதை எழுதிக் கொடுத்தவர் முதல் நாளே, நெஞ்சுவலி உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இல்லை என்று தலையாட்டினேனே தவிர, ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நல்லவேளை, அக்கா பிழைத்துக்கொண்டார். மறுநாள் போய்ப் பார்த்தபோது முதலில் கேட்டதே, "ஸ்டென்ட் விஷயம் கம்பெனிக்குத் தெரிஞ்சிடுச்சாடி?" என்றுதான். உயிர் போய் வந்த பிறகும் அந்தக் கவலை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

சூப்பர்வைசர் மீதும், காரணம் சொல்லாத அந்த டாக்டர் மீதும் இன்றும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால், "உடம்புக்கு வேற ஏதாவது இருக்காக்கா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பாரோ, மறைத்திருப்பாரோ தெரியாது, கேட்காமலே கொடுத்த என்மீதுதான் கோபம் இன்னும் ஆறவில்லை.