சனிக்கிழமைத் தண்ணீர்

அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையோரம், சோளம் விளைந்த ஒரு மேட்டு நிலத்தில் உடற்பயிற்சிக் கல்லூரி கட்டினார்கள். பயிற்சிக் கூடம், விடுதி, சமையற்கட்டு, உடை மாற்றும் கட்டடம், பம்ப் அறை. நடுவில் ஓடுதளம். இத்தனைக்கும் தண்ணீரும் மின்சாரமும் போய்வரும் வழியை வரைவது என் வேலை. தற்காலிக வேலைதான். எனக்கு மேலே இருந்த பெரிய இன்ஜினியர் பரிந்துரைத்தால் நிரந்தரமாகும்.

எனக்கு அதில் அவசரம் இருந்தது. நத்தத்தில் பெண் பேசித் தட்டு மாற்றியாயிற்று. அவள் அப்பா புளி வியாபாரி. "வேலை நெலைக்கட்டும் மாப்ள, பெறகு தேதி பாப்போம்" என்று நிறுத்தி வைத்திருந்தார். அவளை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். காபித் தம்ளரை நீட்டியவள், என் சட்டைப் பையில் பேனா மை கசிந்திருப்பதைக் கண்ணாலேயே காட்டிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு பெண் முகம் எதுவும் மனதில் நிற்கவில்லை.

மின்சாரப் பக்கம் சிக்கல் வரவில்லை. சுற்றிலும் தோட்டக் கிணறுகளில் மோட்டார் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் விழும். எனவே எங்கள் பம்பை விடியுமுன் ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட ஏற்பாடு செய்தேன். பூப்பந்து ஆடும் கூடத்தில் விசிறி வேண்டாம், பந்து காற்றில் அலையும் என்றேன். பெரியவர் தலையாட்டினார். முட்டிக்கொண்டது விடுதிக் குளியலறையில்.

எங்கள் பக்கம் ஆண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். விளையாட்டுப் பிள்ளைகள் என்றால் தலையோடு விடமாட்டார்கள். உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, வடிகஞ்சியில் குழைத்த சீயக்காயை அப்பிக்கொள்வார்கள். அதுவும் ஒரே விசிலுக்கு மைதானத்தை விட்டு அத்தனை பேரும் ஓடிவருவார்கள். தரைக்கடியில் புதைத்த சின்னக் கழிவுநீர்க் குழாய் இதைத் தாங்குமா? எடுத்து மாட்டும் கல் மூடியோடு அகலமான வாய்க்கால் ஒன்றை வரைந்து கொடுத்தேன்.

"இதென்ன சத்திரமா சாவடியா? காலேஜுப்பா! குழாயவே போடு" என்றார் பெரியவர்.

"சார், சனிக்கிழமை எண்ணெய்..."

"இன்ஜினியரிங் புஸ்தகத்துல சனிக்கிழமைன்னு எந்த வெள்ளக்காரனாச்சும் போட்டிருக்கானா?"

அந்த மனுஷன் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்க்கிறவர். மத்தியானம் அவர் வருமுன் சீயக்காய் வாசனை வந்துவிடும். வரைபலகை முன்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் இங்கிலாந்துக்காரர் ஆகிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னபடிதான் குழாய் போனது.

பிள்ளைகள் விடுதிக்கு வந்த முதல் சனிக்கிழமையே குளியலறையில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. பழுப்பு நுரையும் எண்ணெய்ப் படலமுமாக, நடைபாதை தாண்டி அறைகளுக்குள் போய்விட்டது. ஒரு பையன் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். ஓட்டப்பந்தயத்துக்கு வந்தவன், கால் தப்பியதே பெரிய விஷயம். கல்லூரியின் தாளாளர், நெல் மில் வைத்திருந்தவர், எங்கள் இருவரையும் வரச்சொன்னார்.

பெரியவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நுரையைச் சுற்றி நடந்து பார்த்தார். "விடுதிக்குள்ள எண்ணெய்க் குளியல் கூடாதுன்னு ஒரு போர்டு மாட்டிருவோம்யா" என்றார்.

தாளாளர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லப்பா. போர்டு போதுமா?"

போதும் என்றால் எனக்குக் கல்யாணம். அது தெரிந்துதான் நின்றேன். பெரியவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தளத்த ஒடைச்சு வாய்க்கா எடுக்கணும் ஐயா. போர்டு மாட்டுனா அடுத்த சனிக்கிழமை அதுமேலயே துண்டத் தொங்கவிடுவானுக" என்றேன். வீரம் ஒன்றுமில்லை. மடத்தனத்தைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காது.

தளம் உடைந்தது. வாய்க்கால் வந்தது. பெரியவர் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. வேலை முடிகிறதோடு நானும் போகலாம் என்று குமாஸ்தா மூலம் சொல்லியனுப்பினார்.

நத்தத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "செத்த நேரம் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்ல தம்பி?" என்றார் அவள் அப்பா. அதுவரை மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் வெளியே வரவில்லை. கொடைரோட்டில் ரயில்வே வேலையில் இருந்த ஒருவருக்கு அந்தத் தையிலேயே அவளைக் கொடுத்தார்கள். அன்று நத்தத்திலிருந்து திரும்பிவந்த பஸ்ஸில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

பம்ப் அறைச் சாவியைக் கொடுக்கப்போன கடைசி நாள் சனிக்கிழமை. பிள்ளைகள் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார்கள். மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பையன், "வெந்நி இருக்கு சார், நீங்களும் உக்காருங்க" என்றான். சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அவனே என் உச்சந்தலையில் எண்ணெயை வைத்து அழுத்தினான். மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்க நத்தத்தில் அவள் அம்மா ஒரு வெள்ளிக் கிண்ணம் எடுத்து வைத்திருந்ததாகக் கேள்வி.

சீயக்காய் கண்ணில் இறங்கிக் கரித்தது. அத்தனை பேரும் மொண்டு மொண்டு ஊற்றினோம். தண்ணீர் எங்கும் நிற்கவில்லை.