ஈரச் சுவரில் ஒர்சோலாவின் கண்கள்

இத்தாலியின் சியேனா நகரில் ஓவியன் நேரி வரைந்த மாதா முகங்களுக்கெல்லாம் அவன் மனைவி ஒர்சோலாதான் மாதிரியாக உட்கார்ந்தாள். அன்று அவர்களுடைய மகள் தெஸ்ஸா காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தாள். ஆனால் கோயில் சுவரில் சுண்ணாம்பு பூசியாகிவிட்டது. ஈரம் காய்வதற்குள் முகத்தை முடிக்க வேண்டும். காய்ந்தபின் திருத்த முடியாது.

“கொஞ்சம் சிரிடி. பாதிரியார் சிரிச்ச முகம்தான் கேட்டாரு.”

“வீட்டுல புள்ள சாகக் கிடக்கு, சிரிக்கணுமா? உங்களால மட்டும் எப்படி வரைய முடியுது?”

நேரி தூரிகையைச் சாயத்தில் தோய்த்தான். வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம், கெட்ட செய்தியோ என்று ஒர்சோலாவின் கண்கள் அங்கே ஓடின. மிரண்ட அந்தக் கண்களையே அவன் வரைந்தான்.

சாயங்காலம், தெஸ்ஸாவைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். “கண்ணு முழிச்சுட்டா! சூப் கேக்குறா!”

ஒர்சோலா அழுதுகொண்டே சிரித்தாள். நேரி அவசரமாகச் சுவரைத் தொட்டான். காய்ந்திருந்தது. மாதா இன்னும் பயத்தோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.